கார் ஷெட்டின் தட்டைத் தளம்: ஒரு ஒழுகலும் அதைத் தேடிய விதமும்

பின்னணி

இரண்டு மாடி வீடு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதன் பக்கச் சுவரை ஒட்டி ஒரு கார் ஷெட். உள்ளளவு 6.2 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் அகலம். மேலே 125 மி.மீ. தடிப்பில் தட்டைக் கான்கிரீட் தளம். வேலையை மேற்பார்வை பார்த்த பொறியாளர் நான். இங்கே வரும் முடிவுகளில் பாதிக்கு மேல் என்னுடையவை, தவறானவையும் சேர்த்து.

வீட்டின் தூண், பீம், தளம் எல்லாம் முதலில் முடிந்தன. கார் ஷெட் வேலை அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தொடங்கியது. வீட்டுப் பீமிலிருந்து பக்கவாட்டில் நீட்டி விட்டிருந்த கம்பிகளோடு சேர்த்துப் புதுத் தளத்தை வார்த்தோம். ஒரு ஓரம் வீட்டுப் பீமில், எதிர் ஓரம் ஷெட்டின் வெளிச்சுவரில். பழைய கான்கிரீட்டும் புதிய கான்கிரீட்டும் சந்திக்கும் அந்த 6.2 மீட்டர் கோடு இனி அடிக்கடி வரும்.

வரைபடத்தில் ஷெட்டின் தளமும் மாடி அறையின் தளமும் ஒரே மட்டம். மாடி அறையிலிருந்து ஷெட்டின் மேல் வந்து நிற்க ஒரு கதவு. சென்ட்ரிங் (கான்கிரீட் வார்க்கும் அச்சுப்பலகை) அடிக்கவும் கம்பி கட்டவும் ஒரே மட்டம் வசதி. அதனால் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆரம்பத்தில் அது வெறும் கார் ஷெட். தளம் வார்த்த பிறகுதான் வீட்டுக்காரரின் எண்ணம் மாறியது. பின்பாதியில் மரவேலை மேசை போட்டு விடுமுறை நாட்களை அங்கேயே கழிக்க வேண்டும் என்றார். வெயில் நாளில் மாலை ஐந்து மணிக்கு மேல் தளத்தின் அடிப்பக்கம் கை வைத்துப் பார்த்தால் சுட்டது. கான்கிரீட் பகல் முழுக்க வாங்கிய சூட்டைச் சில மணி நேரம் கழித்துத்தான் கீழே விடும். அவர் வேலைக்கு உட்கார நினைத்த நேரமும் அதுதான். மழைக்கான வேலையோடு வெப்பத்துக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு இப்படித்தான் வந்தது.

முதல் மழையும் ஈரத் திட்டும்

தளம் வார்த்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. முட்டு எல்லாம் எடுத்தாயிற்று. இரவு முழுக்கக் காற்றோடு மழை. காலையில் போய்ப் பார்த்தால் ஷெட்டின் கூரையில், வீட்டுச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, ஒரு பெரிய தட்டு அளவுக்கு ஈரத் திட்டு. அதன் நடுவில் ஒரே ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி பார்த்த உடனே சொன்னார்: "சார், அந்த இடத்துல ஹனிகோம் இருக்கும். வைப்ரேட்டர் சரியா படல. சிமென்ட் பால் ஊத்தி விட்டா நின்னுடும்." ஹனிகோம் என்றால் கலவை சரியாக இறுகாமல் உள்ளே விட்ட பொந்துகள். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. திட்டு இருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைப்பது எளிது. கான்கிரீட்டுக்குள் நுழைந்த தண்ணீர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்கும் என்பது தெரிந்திருந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

சிமென்ட் பால் ஊற்றுவதற்கு முன் தண்ணீர் கட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். கலவையால் சுற்றிலும் பாத்தி கட்டி, 50 மி.மீ. ஆழத்துக்கு நீர் விட்டு, 48 மணி நேரம் வைத்தோம். 50 மி.மீ. நீர் என்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோ. தளத்துக்கு அது பெரிய சுமை இல்லை. இரண்டு நாளும் கீழே ஒரு சொட்டு இல்லை. பழைய திட்டுகூடக் காய்ந்து வெளுத்தது.

தளம் நன்றாக இருக்கிறது, அன்று பெய்த மழையில் ஏதோ ஒரு வழியாகச் சாரல் உள்ளே வந்திருக்கும் என்று எழுதி வைத்தேன். அடுத்த வாரம் மழை பெய்தது. அதே இடத்தில் அதே திட்டு.

தவறிய சோதனை

பாத்தியை உடைப்பதற்குள் வீட்டுக்காரரின் மனைவி மேலே வந்து பார்த்தார். "சார், சுவர் ஓரத்துல மட்டும் ஏன் தண்ணி நிக்கல?" என்று கேட்டார். பாத்தியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டியிருந்தார்கள். சுவருக்கு இன்னும் பூச்சு ஆகவில்லை, செங்கல் நனைந்துவிடும் என்பது கொத்தனாரின் காரணம். நான் இரண்டு நாளும் மேலே போய்ப் பார்த்தவன். அந்த ஒரு சாண் என் கண்ணில் படவே இல்லை. பழைய கான்கிரீட்டும் புதியதும் சேரும் கோடு அந்த ஒரு சாணுக்குள்தான் இருந்தது. சந்தேகப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்தையும் சோதித்திருந்தோம்.

இரண்டாம் சோதனை ஹோஸ் வைத்து. இதற்கு ஒரே விதி, கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே அடித்தால் தண்ணீர் கீழேயும் வரும், எங்கே நுழைந்தது என்று தெரியாது. முதலில் சுவரும் தளமும் சேரும் மூலையில் மட்டும் மெதுவாக நீர் விட்டோம். கீழே ஒருவர் டார்ச் வெளிச்சத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்தாவது நிமிடம் அவர் கத்தினார். திட்டின் விளிம்பு கறுக்க ஆரம்பித்திருந்தது.

சரி, இணைப்புதான் என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நல்ல வேளை, நிறுத்தவில்லை. காய விட்டு, இரண்டு நாள் கழித்து, மூலையின் மேல் அகலமான பிளாஸ்டிக் தாளைத் தாரால் ஒட்டி அடைத்துவிட்டு, சுவரில் ஒரு மீட்டர் உயரத்தில் தூறல் மாதிரி அடித்தோம். முக்கால் மணி நேரம் எதுவும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்தபோது திட்டு திரும்பியிருந்தது. பூசாத செங்கல் சுவர் நீரை உறிஞ்சி, சுவருக்குள்ளேயே கீழே இறக்கி, ஒட்டியிருந்த தாளின் பின்பக்கமாக இணைப்புக்குக் கொண்டுபோயிருக்கிறது.

இந்த இரண்டாம் வழிதான் பலரை ஏமாற்றும். தளத்தில் எவ்வளவு நல்ல பூச்சு அடித்தாலும், அதைச் சுவரில் ஒரு அடி ஏற்றினாலும், அதற்கு மேலே நனைகிற சுவர் பூச்சின் முதுகுப் பக்கமாக நீரை இறக்கிவிடும். அப்புறம் "பூச்சு சரியில்லை" என்று இன்னொரு கோட் அடிப்பார்கள்.

இணைப்பில் விரிசல் ஏன் வந்தது என்றும் பார்த்தோம். கான்கிரீட் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.01 மி.மீ. நீளும். 3.6 மீட்டர் தளம், வெயிலுக்கும் இரவுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால் ஒரு மி.மீ. அசைவு. கம்பிகள் பிடித்திருப்பதால் அது முழுவதும் அந்தக் கோட்டில் திறக்காது. ஆனால் மயிரிழை விரிசலுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். அதாவது தினமும் வெயில் ஏறி இறங்கும்போது அந்த இணைப்பும் திறந்து மூடுகிறது. வெப்பத்துக்கு வேலை செய்தால் ஒழுகலுக்கும் நல்லது என்பது எனக்கு இங்கேதான் உறைத்தது. அதுவரை இரண்டையும் தனித்தனி வேலையாக, தனித்தனி ஆளிடம் கொடுக்க நினைத்திருந்தேன்.

வெப்பக்காப்பு மேலா, கீழா

உள் அலங்கார வேலைக்கு வந்தவர் எளிய வழி சொன்னார். கூரைக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டி, கீழே ஜிப்சம் பலகை அடித்துவிடலாம், மூன்றே நாள் வேலை. சூடு கீழே வருவது குறையும் என்பது உண்மைதான். ஆனால் தளம் அப்படியே வெயிலில் வெந்துகொண்டிருக்கும், இணைப்பு அப்படியே அசையும். ஒழுகினால் பலகைக்குப் பின்னால் தேங்கி, ஊறிப் பிதுங்கும்போதுதான் தெரியும். இன்னொன்றும் இருந்தது: பெட்ரோல் வண்டி நிற்கும், மரத்தூள் பறக்கும் இடத்தில் தலைக்கு மேல் நுரைப்பலகை. ஜிப்சம் மூடியிருக்கும் வரை சரி. விளக்குக்கோ குழாய்க்கோ யாராவது ஓட்டை போட்டு நுரையைத் திறந்து விட்டால்? நான் வேண்டாம் என்றேன். வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். மூன்று நாள் என்ற சொல் அவரை இழுத்தது. ஈரத் திட்டை மறைத்துவிடும் என்பதுதான் கடைசியில் அவரை நிறுத்தியது.

தளத்துக்கு மேலே போடுவதானால் இரண்டு வழி. காப்புப் பலகையைப் போட்டு அதற்கு மேல் நீர்த்தடுப்பு, அல்லது நீர்த்தடுப்பைப் போட்டு அதற்கு மேல் காப்புப் பலகை. இரண்டாவதைத் தேர்ந்தோம். நீர்த்தடுப்பாகப் போடும் தார் ஷீட் வெயிலே படாமல், யாரும் மிதிக்காமல் பலகைக்கு அடியில் இருக்கும். தளத்தின் சூடு ஏறி இறங்குவதும் குறையும். ஆனால் பலகை மழையில் நனையும் என்பதால் எதையும் போட முடியாது. தெர்மாகோல் நாளடைவில் நீரை ஏற்றுக்கொள்ளும். எக்ஸ்.பி.எஸ். (அழுத்தி வார்த்த பாலிஸ்டைரீன் நுரை) பலகையின் நுண்ணறைகள் மூடியவை, மிகக் குறைவாகவே நீர் ஏறும். அதில் 50 மி.மீ. தடிப்பு முடிவானது. கான்கிரீட் வெப்பத்தை நன்றாகவே கடத்தும். அந்த 50 மி.மீ. பலகை தரும் தடையைக் கான்கிரீட்டால் பெற வேண்டுமென்றால் இரண்டு மீட்டருக்கு மேல் தடிப்பு வேண்டும். இதைச் சொன்ன பிறகு மேஸ்திரி ஒரு பலகையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, நம்பாத முகத்தோடு கீழே வைத்தார்.

பலகை இலேசு, காற்றில் பறக்கும், தண்ணீரில் மிதக்கும். வெயில் பட்டால் மேற்பரப்பு பொடியாகும். அதனால் மேலே வடிகட்டித் துணியும் 40 மி.மீ. கான்கிரீட் ஓடுகளும். ஓடுகளைக் கலவை வைத்துப் பதிக்காமல் சும்மா அடுக்குவது என்று முடிவு. இந்த அமைப்பில் எப்போதாவது ஒழுகினால் இடம் கண்டுபிடிப்பது கடினம். எடுத்துப் பார்க்கக் கூடியதாகவாவது இருக்கட்டும்.

எடைக் கணக்கு: மழைநீர் ஓடச் சரிவாகப் போடும் வாட்டக் கலவை சராசரி 55 மி.மீ., சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ. ஓடு சுமார் 92. பலகையும் தார் ஷீட்டும் சேர்த்து ஆறேழு கிலோ. மொத்தம் ஏறக்குறைய 220 கிலோ. தளத்தைக் கணக்கிடும்போது இவ்வளவு வைத்திருக்கவில்லை. கம்பி வரைபடம் போட்டவரிடமே போய்க் கேட்டோம். அவர் மறுபடி கணக்குப் போட்டு, தாங்கும் என்றார். ஆனால் மேலே தண்ணீர்த் தொட்டியோ மண் நிரப்பிய பூந்தொட்டி வரிசையோ கூடாது என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தார். இந்தக் கேள்வியைக் கேட்காமல் மேலே சுமையேற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

கதவு ஜன்னலானது

எல்லாம் சரி, கதவு மட்டும் இடித்தது.

தளத்தின் மேல்மட்டத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைநீர் வீட்டுச் சுவரிலிருந்து வெளிச்சுவர் நோக்கி ஓட வேண்டும். 60-க்கு 1 என்ற வாட்டத்தில் 3.6 மீட்டருக்கு 60 மி.மீ. இறக்கம். வெளிச்சுவர்ப் பக்கம் கலவை 25 மி.மீ., வீட்டுச் சுவர்ப் பக்கம் 85. அதன் மேல் தார் ஷீட் 4, பலகை 50, ஓடு 40. கூட்டினால் 179. நடக்கும் மட்டத்துக்கு மேல் குறைந்தது 150 மி.மீ. உயரத்துக்கு நீர்த்தடுப்பு சுவரில் ஏற வேண்டும் என்பது தட்டைத் தளத்தில் பொதுவான அளவு. ஆக, வாசல்படி 329-ல் இருக்க வேண்டும். கட்டியிருந்த படி 100-ல் இருந்தது. அப்படியே விட்டால் வெளித்தளம் படியை விட 79 மி.மீ. உயரம். முதல் பெருமழையில் மாடி அறைதான் வடிகால்.

படியை 330-க்கு உயர்த்தினால் என்ன என்று பார்த்தோம். கதவுக்கு மேலே வரும் லிண்டல் ஏற்கெனவே 2,200-ல் வார்த்தாயிற்று. கதவு உயரம் 1,870 மி.மீ. ஆகிவிடும். வீட்டுக்காரர் தலை குனிந்து போக வேண்டும், உள்ளே இரண்டு படி வேறு. வாட்டத்தைக் குறைக்கலாமா என்று மேஸ்திரி கேட்டார். 120-க்கு 1 ஆக்கினால் 30 மி.மீ. கிடைக்கும், அவ்வளவுதான். கையால் இழுத்து மட்டம் பார்க்கும் கலவையில் அந்த 30 மி.மீ. ஆங்காங்கே குட்டையாக நிற்கும். காப்புப் பலகையையே விட்டுவிடலாமா என்ற பேச்சும் வந்தது. அப்போதும் கணக்கு ஒத்துவரவில்லை.

மூன்று நாள் இழுபறி. அந்த வாசலை விட மனமில்லாதவர் வீட்டுக்காரரின் மனைவி. மாலையில் அங்கே நாற்காலி போட்டு உட்காரலாம் என்பது அவர் எண்ணம். கடைசியில் அவரே சொன்னார்: "உட்காரவே முடியாத வாசலுக்கு ஒரு நல்ல ஜன்னல் போதும்." திறப்பை 600 மி.மீ. உயரம் வரை செங்கல் கட்டி அடைத்து, வெளிப்பக்கம் முழுதாகத் திறக்கும் ஜன்னல் வைத்தோம். கம்பி போடவில்லை. வடிகாலைச் சுத்தம் செய்ய ஆள் ஏறி இறங்க வேண்டும் என்பதற்காக, அதற்குப் பதில் பூட்டு வைத்த ஷட்டர்.

கதவுச் சட்டம் இன்னும் வரவில்லை என்பதால்தான் இதுவும் முடிந்தது. சட்டம் பதித்து, உள்தரை போட்டிருந்தால் எல்லோரும் சேர்ந்து ஏதோ ஒரு சமாதானத்துக்கு வந்திருப்போம்.

வேலை நடந்த வரிசை

முதலில் சுவர். ஷெட்டுக்கு மேல் தெரியும் வீட்டுச் சுவர் முழுவதற்கும் இரண்டு கோட் வெளிப்பூச்சு. சுவர் நனைந்துகொண்டிருக்கும் வரை கீழே செய்யும் எதுவும் நிற்காது.

அடுத்து இணைப்பு. விரிசல் ஓடிய கோட்டைத் திறந்து 12 மி.மீ. அகலக் காடி வெட்டி, தூசு தட்டி, அடியில் நுரைக்கயிறு வைத்து, மேலே பாலியுரித்தேன் சீலன்ட் (இழுபடக்கூடிய அடைப்புப் பசை). கயிறு எதற்கு என்று வேலையாள் கேட்டார். சீலன்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும், அடியிலும் ஒட்டிவிட்டால் இழுபடும்போது நடுவில் கிழியும். சொன்னதும் புரிந்துகொண்டார், ஆனாலும் இரண்டு மீட்டருக்குக் கயிறில்லாமல் அடைத்திருந்ததை மறுநாள் பிடித்தோம். கீறி எடுத்து மறுபடி செய்தோம்.

அதன் மேல் வாட்டக் கலவை. சுவரோரம் ஒரு நுரைப்பட்டை விட்டு, கலவை சுவரோடு ஒட்டாதபடி போட்டோம். மூலையில் 50 மி.மீ. சாய்வுப் பட்டை. தார் ஷீட்டைச் செங்குத்தாக மடித்தால் மடிப்பில் வெடிக்கும்.

கலவை காய்வதில்தான் தகராறு. பதினைந்து நாள் ஆகியும் காயவில்லை, இடையில் இரண்டு மழை. நீர்த்தடுப்பு ஆட்கள் வந்து நின்றார்கள், வேறு இடத்தில் வேலை காத்திருக்கிறது என்றார்கள். மாலையில் ஒரு முழம் சதுரமான பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். காலையில் தாளின் உட்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்றேன். அவர்கள் பள்ளத்துப் பக்க மூலையில் ஒரு துண்டு மட்டும் ஒட்டிக் காட்டுகிறோம் என்றார்கள், நான் தலையாட்டினேன். மதியம் வெயில் ஏறியதும் அந்தத் துண்டின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கொப்புளம். விரலால் அழுத்தினால் பலூன் மாதிரி நகர்ந்தது. அடியில் சிக்கிய ஈரம் ஆவியாகி ஷீட்டைத் தூக்கியிருக்கிறது. அதற்கு மேல் வாதம் இல்லை, எட்டு நாள் காத்திருந்தார்கள். கொப்புளத்தைப் பெருக்கல் குறி போலக் கீறி, காயவிட்டு, சுற்றிலும் 150 மி.மீ. கூடுதலாக ஒரு ஒட்டுப் போட்டோம்.

ஷீட் ஒட்டும்போது ஒன்றின் மேல் அடுத்தது ஏறும் அளவு பக்கவாட்டில் 100 மி.மீ., முனையில் 150. கேஸ் டார்ச்சில் சரியாக உருகியிருந்தால் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடாகத் தார் பிதுங்கி நிற்கும். அது இல்லாத இடத்தைக் கரண்டி முனையால் நெம்பிப் பார்த்தேன், இரண்டு இடத்தில் திறந்தது. சுவரோரம் ஷீட் ஏறி, 25 மி.மீ. ஆழக் காடிக்குள் நுழைந்து, மேலே அலுமினியப் பட்டையும் சீலன்ட்டும். இணைப்பின் மேல் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு ஷீட்டை ஒட்டாமல் விட்டோம். அசைவு வந்தால் அந்த ஒரு சாணும் சேர்ந்து இழுபடும். முழுக்க ஒட்டினால் ஒரே கோட்டில் இழுத்துக் கிழிக்கும்.

வடிகால் வாயில் 100 மி.மீ. குழாய் ஒன்று. வாயைச் சுற்றிக் கலவையைக் கொஞ்சம் பள்ளமாக்கி, ஷீட் மட்டத்து நீரும் ஓட்டின் மேல் வரும் நீரும் இரண்டுமே நுழையும்படி பக்கத் துளையுள்ள மூடி. அதோடு, முன்பக்கக் கைப்பிடிச் சுவரில் ஓட்டுத் தளத்துக்குச் சற்று மேலே ஒரு வழிதல் துளை. அதை வேண்டுமென்றே கார் நுழையும் வாசல் ஷட்டருக்கு நேர் மேலே வைத்தேன். வடிகால் அடைத்தால் நீர் வண்டி எடுக்க வருபவர் கண் முன்னால் கொட்ட வேண்டும்.

பிறகு மறுபடி தண்ணீர் கட்டினோம். இந்த முறை சுவரோரம் வரை. மேட்டுப் பக்கம் 25 மி.மீ., பள்ளத்துப் பக்கம் 85, மொத்தம் சுமார் 1,200 லிட்டர், 48 மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் சுவரிலும் ஹோஸ் அடித்தோம். கீழே காய்ந்த கூரை.

பலகை அடுக்கும் நாளில் ஒரு சின்ன விபத்து. தார் பிரைமர் டப்பாவை ஒருவர் பலகைக் கட்டின் மேல் வைத்திருந்தார். கசிந்த சில சொட்டு, பலகையில் கட்டைவிரல் போகும் அளவுக்குக் குழி தின்றுவிட்டது. கரைப்பான் கலந்த பிரைமரும் எக்ஸ்.பி.எஸ்.-ம் ஒன்றாக இருக்கக் கூடாது, டார்ச் நெருப்பும் அதற்கு ஆகாது. வரிசை மாறினால் வேலை மொத்தமும் போகும்.

கீழே ஷட்டர் பக்கம் வேலை சுருக்கமாக முடிந்தது. முன்னால் நீட்டிய தளத்தின் அடியில், நீரை விளிம்பிலேயே சொட்ட வைக்கும் சொட்டுக் காடி விட மறந்திருந்தோம். நீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து ஷட்டர் பெட்டிக்குள் வந்தது. அலுமினிய கோணப்பட்டை ஒன்றை விளிம்பில் ஒட்டினோம். தரையில் ஷட்டர் இறங்கும் கோட்டில் 15 மி.மீ. தணிவு, அதற்கு வெளியே குறுக்கே கிரில் மூடிய வாய்க்கால்.

பிறகு என்ன ஆனது

அடுத்த மழைக்காலம் முழுவதும் கூரையில் திட்டு இல்லை. ஆனால் ஒரு விடியற்காலை வீட்டுக்காரர் போன் செய்தார்: "மறுபடி ஒழுகுது சார்." போய்ப் பார்த்தேன். கூரை காய்ந்திருந்தது. ஷட்டரின் உட்பக்கம் முழுக்க நீர் வழிந்துகொண்டிருந்தது, இரும்பு அலமாரியிலும் சொட்டு. முந்தின இரவு நனைந்த காரை உள்ளே விட்டு, ஷட்டரின் புதுத் தூரிகைப் பட்டையோடு இறுக்கி மூடியிருந்தார். காற்றில் 27 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் இருந்தால் 23 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். மெல்லிய இரும்புத் தகடு இரவில் அதற்கும் கீழே எளிதாகக் குளிரும். அவருக்கு நிரூபிக்க, தகட்டின் ஒரு இடத்தைத் துடைத்து ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டச் சொன்னேன். மறுநாள் காலை நீர் தாளின் வெளிப்பக்கம் இருந்தது. தகடு வழியாக வந்திருந்தால் உட்பக்கம் இருந்திருக்கும். எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்று தாழ்வாக ஒன்று உயரமாக, இரண்டு காற்றுத் துளை போட்ட பின் அது நின்றது. மழையை அடைப்பதிலேயே குறியாக இருந்து காற்றையும் அடைத்திருந்தோம். வண்டிப் புகை வெளியேறவும் அந்தத் துளைகள் தேவைதான்.

வெப்பம் குறைந்தது. மாலையில் கூரையில் கை வைத்தால் இப்போது சுடுவதில்லை. ஆனால் வீட்டுக்காரர் எதிர்பார்த்த அளவு குளுமை கிடைக்கவில்லை. கூரைச் சூடு போனதும் மேற்கு வெளிச்சுவரின் சூடு தெரிய ஆரம்பித்தது. அது ஒரு செங்கல் சுவர்தான். அவர் அதன் மேல் கொடி படர விட்டிருக்கிறார்.

வழிதல் துளை ஒரே ஒரு முறை வேலை செய்தது. யாரோ மேலே விட்டுப்போன சிமென்ட் சாக்கு வடிகால் வாயை மூடியிருந்தது. நீர் காரின் முன் கண்ணாடியில் கொட்டியது. அவர் அன்றே ஜன்னல் வழியாக ஏறி எடுத்துவிட்டார்.

மாற்றிச் செய்வதானால்

ஷெட்டின் தளத்தை வீட்டுத் தளத்தை விட 300 மி.மீ. தாழ்த்தி வார்த்திருப்பேன். சென்ட்ரிங் ஆட்கள் முணுமுணுத்திருப்பார்கள், கதவு கதவாகவே இருந்திருக்கும். அதற்கு வரைபடத்தில் கான்கிரீட் மட்டத்தோடு முடிந்த தளத்தின் மட்டத்தையும் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். சொட்டுக் காடியும் அப்படித்தான். சென்ட்ரிங்கில் ஒரு மரப்பட்டை வைத்திருந்தால் முடிந்திருக்கும்.

வீட்டுச் சுவரைக் கட்டும்போதே, ஷெட்டின் முடிந்த தளத்துக்கு மேல் இரண்டாவது வரிசையில், சுவரின் குறுக்கே வெளிப்பக்கம் சாய்ந்த ஒரு ஈரத்தடுப்புத் தாள் வைத்திருக்கலாம். சுவருக்குள் இறங்கும் நீரை அது வெளியே தள்ளிவிடும். இப்போது வெளிப்பூச்சையும் பெயின்ட்டையும் நம்பியிருக்கிறோம். பூச்சில் விரிசல் விட்டால் பழைய வழி மறுபடி திறக்கும். வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

ஒவ்வொரு அடுக்கையும் மூடுவதற்கு முன் படம் எடுத்தேன், அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து. கொப்புளம் வந்த மூலையை மட்டும் அன்று எடுக்கவில்லை. அந்த ஒட்டு எந்த ஓட்டுக்கு அடியில் இருக்கிறது என்று இப்போது கேட்டால் ஒரு மீட்டர் முன்பின்னாகத்தான் என்னால் காட்ட முடியும்.